அத்தான் மூச்சில் பேரிக்காய்

மிட்டாய் ஆலையில் அவருக்குப் பெயர் மூக்கர். பெற்றவர்கள் ஆசையாக வைத்த பெயர் ஒன்று உண்டுதான், ஆனால் அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்க்க மாட்டார். மூக்கு ஒன்றும் பெரிதில்லை, எல்லோருக்கும் இருக்கிற அளவுதான். அது பார்க்கிற வேலைதான் பெரிது. எசன்ஸ் அறையில் குப்பிகளுக்கு நடுவே உட்கார்ந்துகொண்டு, காகிதக் கீற்றை ஒவ்வொன்றிலும் தொட்டு முகர்ந்து, இது ஆரஞ்சு, இது ஆரஞ்சு மாதிரி நடிக்கிறது, இது ஆரஞ்சைக் கேள்விப்பட்டதே இல்லை என்று பிரித்துச் சொல்வார். அவர் தலையசைத்தால் ஒரு கொப்பரைப் பாகு மிட்டாயாகும். அசைக்காவிட்டால் சாக்கடைக்குப் போகும். முதலாளி கணக்குப்பிள்ளை சொல்வதையே நாலு தடவை யோசிப்பவர், ஆனால் மூக்கர் சொன்னால் மறுபேச்சுக் கிடையாது.

இப்படி ஒரு மூக்கு குடும்பத்தில் இருக்கும்போது அதை ஆலைக்காரன் மட்டும் அனுபவிக்க விடலாமா? அக்கா விடவில்லை.

அக்காவின் வீட்டுக்காரர் அதே ஆலையில் மிட்டாய்க்குத் தாள் சுற்றும் இயந்திரத்தைப் பார்த்துக்கொள்கிறவர். மூக்கருக்கு அத்தான். தங்கமான மனிதர், குடியைத் தவிர ஒரு குறையும் சொல்ல முடியாது என்பார்கள். படகில் ஓட்டையைத் தவிர ஒரு குறையும் இல்லை என்பது மாதிரிதான் இதுவும். குடித்துவிட்டு ஆலையின் புதினா மிட்டாயை வாய்கொள்ளாமல் போட்டுக்கொண்டு வருவார். சாதாரண மூக்குகள் ஏமாந்து போகும். அக்காவுடையது சாதாரண மூக்கு. அதனால்தான் தம்பியை வரவழைத்தாள்.

சாயங்காலம் ஆனால் அந்த வீட்டில் இது ஒரு நிகழ்ச்சி. கதவில் சங்கிலி போட்டபடி அக்கா உள்ளே நிற்பாள். வெளியே கால்மிதியில் அத்தான் நிற்பார். பக்கத்தில் மூக்கர், கண்ணை மூடிக்கொண்டு.

"ஊதுங்க அத்தான்."

அத்தான் ஊதுவார். மூக்கர் இழுத்து முகர்வார். பிறகு "சுத்தம்" என்றால் சங்கிலி விலகும். "இல்லைக்கா" என்றால் அத்தானுக்கு அன்று மாடிப்படிதான் மெத்தை. மேல்மாடிக்காரர்கள் இறங்கி வரும்போது இன்றைக்கு என்ன தீர்ப்பு என்று கேட்டுவிட்டுப் போவார்கள்.

ஆரம்பத்தில் மூக்கர் நேர்மையாகத்தான் இருந்தார். என்ன பிரயோஜனம்? "இல்லைக்கா" என்று சொன்ன நாளெல்லாம் அக்கா சாப்பிடமாட்டாள், அடுப்பைப் பற்றவைக்க மாட்டாள், சுவரைப் பார்த்துப் படுத்துக்கொள்வாள். கல்யாணம் ஆகாத மூக்கருக்கு அந்த வீட்டுச் சாப்பாடுதான் ராத்திரிச் சாப்பாடு என்பதையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். ஒரு நாள் அத்தான் ஊதினார். ரம், கொஞ்சம்தான். அக்கா சங்கிலி இடுக்கு வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தாள், பரீட்சை முடிவுக்குக் காத்திருக்கிற பிள்ளை மாதிரி. மூக்கருக்கு வாயில் என்ன வந்ததோ, "சுத்தம்" என்று சொல்லிவிட்டார்.

அக்கா சிரித்தாள். அவள் சிரித்து எவ்வளவு காலமாகிவிட்டது என்பதே அப்போதுதான் அவருக்கு உறைத்தது. அன்று சூடாக சூப்பும் ரொட்டியும் கிடைத்தது. மறுநாளும் ரம். மறுநாளும் சுத்தம். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது என்று சொன்னவர்கள் தினமும் கொஞ்சம் கொஞ்சமாக மறைத்துப் பார்த்ததில்லை போலிருக்கிறது. மாசம் மூன்று ஓடிவிட்டது. அக்கா உடம்பு தேறினாள், ஜன்னலுக்குப் புதுத் திரை தைத்தாள், தம்பியால் என் குடித்தனம் பிழைத்தது என்று மேல்மாடி வரைக்கும் சொல்லிவைத்தாள். அத்தானோ கேட்பார் யாருமில்லாமல் காலையிலும் குடிக்க ஆரம்பித்திருந்தார். இதைப் பற்றி மச்சானும் அத்தானும் ஒரு வார்த்தை பேசிக்கொண்டதில்லை. கால்மிதியில் நிற்கும்போது அத்தான் மட்டும் மூக்கரை ஒரு மாதிரி பரிவோடு பார்ப்பார். அந்தப் பார்வைக்கு அர்த்தம் மூக்கருக்குப் புரிந்ததில்லை.

இதற்கிடையில் ஆலையில் பேரிக்காய்ப் பிரச்சினை. புதிதாகப் பேரிக்காய் மிட்டாய் போடப்போவதாக முதலாளி ஊரெல்லாம் விளம்பரம் செய்துவிட்டார். தாள் அச்சாகி வந்துவிட்டது. மிட்டாய்தான் வரவில்லை. மூக்கர் கலந்து வைக்கிற ஒவ்வொரு குப்பியையும் முகர்ந்துவிட்டு முதலாளி உதட்டைப் பிதுக்குவார்.

"இது பேரிக்காய் படம் போட்ட சோப்பு மாதிரி இருக்குய்யா. எனக்குப் பேரிக்காய் வேணும். கொஞ்சம் கனிஞ்சது. கடிச்சா கன்னத்துல வழியணும்."

மூக்கர் கலந்துகொண்டே இருந்தார். தலைக்கு மேலே வேலை, மூக்குக்கு நேரே திட்டு.

அந்த வாரம் அத்தானுக்கு வயிறு சரியில்லை. எது உள்ளே போனாலும் வெளியே வந்துவிட்டது. முதலில் சாப்பாடு வந்தது, பிறகு தண்ணீர் வந்தது, கடைசியில் ரம்மே வந்துவிட்டது. ரம்மும் தங்காது என்று ஆன பிறகு குடிப்பதில் என்ன இருக்கிறது? நிறுத்திவிட்டார். வீட்டில் கேட்டால் ஆலையில் சாப்பிட்டேன் என்றார். ஆலையில் கேட்டால் வீட்டில் சாப்பிட்டேன் என்றார். பொய் சொன்ன வாய்க்குப் போஜனம் கிடைக்காது என்பார்களே, அதை ஒரு மனிதர் எழுத்துக்கு எழுத்து நடத்திக் காட்டியது அந்த வாரத்தில்தான்.

ரம்மை நிறுத்திய மறுநாள் சாயங்காலம் கால்மிதியில் நின்று ஊதினார். மூக்கர் கண்ணைத் திறந்துவிட்டார். ரம் இல்லை, பிராந்தி இல்லை, மருந்துக்குக்கூட ஒரு சொட்டு இல்லை. இனிப்பாக என்னவோ பழ வாசனை. மனுஷன் நிஜமாகவே விட்டுவிட்டார், பழம் சாப்பிடுகிறார். பொய்யெல்லாம் இன்றோடு நேராகிவிட்டது.

"சுத்தம்க்கா," என்றார், மூன்று மாதத்தில் முதல் தடவையாக உரக்க. "சுத்தமோ சுத்தம்."

அவர் சொன்ன சுத்தங்களிலேயே உண்மையான சுத்தம் அது ஒன்றுதான். அத்தானை மண்ணுக்குள் அனுப்பப் பார்த்ததும் அதுதான்.

மறுநாள் காலை எதையோ வாங்கிப் போக அத்தான் எசன்ஸ் அறைக்கு வந்தார். முகம் காகிதம் மாதிரி வெளுத்திருந்தது, வயிற்றை ஒரு கையால் பிடித்துக்கொண்டிருந்தார். முதலாளி அங்கேதான் மூக்கரைத் திட்டிக்கொண்டிருந்தார். அத்தான் "வணக்கம் முதலாளி" என்றார். முதலாளி பாதித் திட்டில் நின்றுவிட்டார்.

"இன்னொரு தடவை வணக்கம் சொல்லுங்க."

"வணக்கம் முதலாளி."

"பேரிக்காய்," என்றார் முதலாளி மெல்லிய குரலில். "கனிஞ்ச பேரிக்காய். எங்கேய்யா இருந்தீங்க இவ்வளவு நாளா?"

"தாள் சுத்துற இடத்துல," என்றார் அத்தான்.

அதன் பிறகு நடந்ததை ஆலையில் இன்றைக்கும் யாரும் முழுசாக நம்புவதில்லை. அத்தானை நாற்காலியில் உட்காரவைத்தார்கள். வாய் அகன்ற கண்ணாடி ஜாடிகள் வந்தன. முதலாளியே தன் கையால் ஒவ்வொரு ஜாடியையும் அத்தான் வாயருகே பிடித்து, ஊதியதும் டப்பென்று மூடியைப் போட்டார். அத்தான் நடுவில் எழுந்துபோய்த் தொட்டியில் வாந்தி எடுத்துவிட்டு வந்து, மன்னிப்புக் கேட்டுக்கொண்டு, மறுபடி ஊதினார். "என்ன கடமை உணர்ச்சி," என்று முதலாளி நெகிழ்ந்து, வாசனைப் பிரிவுத் துணை மேலாளர் என்று அங்கேயே ஒரு பதவியை உண்டாக்கி அவருக்குக் கொடுத்தார். அப்படி ஒரு பிரிவு ஆலையில் அதுவரை கிடையாது.

"மச்சான்," என்றார் அத்தான், கண் கலங்கி. "எத்தனை வருஷமா ஊதறேன். மரியாதையா ஒருத்தர் ஊதச் சொல்றது இதுதான் முதல் தடவை."

மூக்கருக்குப் பொறாமை பற்றிக்கொண்டு வந்தது. தலைகீழாக நின்றும் தனக்குக் கிடைக்காத வாசனை, பேரிக்காயைத் தேடியே போகாத மனிதரின் வாயிலிருந்து சும்மா வருகிறதே. அந்த எரிச்சலில் அவர் அத்தான் முகத்தைப் பார்க்கவே இல்லை. ஜாடிகள் தீர்ந்து, முதலாளி "போய் இன்னும் ஜாடி கொண்டுவாங்க" என்று ஆளை அனுப்பினார். ஊதச் சொல்வது நின்றது. அத்தான் நிறுத்தவில்லை. வாயைத் திறந்தபடி, நெஞ்சுக்கூடு ஏறி இறங்க, ஆழமாக, வேகமாக ஊதிக்கொண்டே இருந்தார்.

"போதும் அத்தான்."

"நான் ஊதலைடா," என்றார் அத்தான். "அதுவா வருது."

மூக்கர் அப்போதுதான் எழுந்து கிட்டே போய் ஒழுங்காக முகர்ந்தார். மேலே பேரிக்காய். அதற்கு அடியில், நகப்பூச்சு அழிக்கிற திரவத்தின் நெடி. எந்த மரத்திலும் அப்படி ஒரு பழம் பழுக்காது. மூக்கர் வண்டியை எடுக்கச் சொல்லிக் கத்தினார்.

மிட்டாய் வண்டியிலேயே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். முதலாளியும் ஏறிக்கொண்டார், மடியில் ஒரு ஜாடியோடு. எரிகிற வீட்டில் பிடுங்கியது லாபம் என்று நினைத்தாரோ என்னவோ, வழியெல்லாம் அத்தான் தலையைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு, ஜாடியையும் அவர் வாயருகே பிடித்துக்கொண்டு வந்தார்.

அவசரப் பிரிவில் ஒரு பெண் டாக்டர். சின்ன வயது, சுருக்கமான பேச்சு. அத்தானுடைய மூச்சைப் பார்த்தார், விரலைக் குத்தி ஒரு சொட்டு ரத்தம் பார்த்தார், கையில் ஊசி குத்தி ஒரு குழாய் நிறைய எடுத்து உள்ளே அனுப்பினார். அதற்குள் அக்காவும் வந்து சேர்ந்துவிட்டாள், கையில் மாவு ஒட்டியிருந்தது.

"ரத்தத்துல அமிலம் நிறைய ஏறியிருக்கு," என்றார் டாக்டர், பரிசோதனைச் சீட்டு வந்ததும். "மூச்சுல பழ வாசனை. சர்க்கரை வியாதிக்காரங்களுக்கு இப்படி வரும். ஆனா இவருக்குச் சர்க்கரை ஏறல, இறங்கியிருக்கு. குடிப்பாரா?"

"மூணு மாசமா ஒரு சொட்டு இல்லை டாக்டர்," என்றாள் அக்கா. குரலில் கவலையோடு கவலையாகக் கொஞ்சம் பெருமையும் இருந்தது. "தினமும் என் தம்பி மோந்து பார்த்துத்தான் வீட்டுக்குள்ள விடறோம். மிட்டாய் ஆலையில இவன் மூக்கை வெச்சுத்தான் எல்லாமே."

"நீங்க சொல்லுங்க," என்று டாக்டர் அத்தான் பக்கம் குனிந்தார். "குடிச்சீங்களா?"

அத்தான் அக்காவைப் பார்த்தார். "தொடவே இல்லை," என்றார் இரண்டு மூச்சுக்கு நடுவில்.

டாக்டர் நிமிர்ந்தார். பார்வை ஜாடிமேல் விழுந்தது. "அது என்ன? நீங்க யாரு?"

"நான் மிட்டாய்," என்றார் முதலாளி. பிறகு சுதாரித்து, "முதலாளி. இது இவருடைய மூச்சுதான். டாக்டர், ஒரு சின்ன வேண்டுகோள். இவரைச் சாயங்காலமாக் குணப்படுத்தினா போதுமே. அதுவரைக்கும் இந்த வாசனை..."

"ஆலையில எசன்ஸ், கரைப்பான் எல்லாம் இருக்கா?"

"டிரம் டிரம்மா இருக்கு," என்றார் முதலாளி பெருமையாக. சொன்ன பிறகுதான் எதற்குக் கேட்கிறார் என்று புரிந்தது. முகம் செத்துவிட்டது.

"குடியில்லைன்னா இது விஷமா இருக்கலாம்," என்றார் டாக்டர் நர்ஸிடம். "ஏதோ கரைப்பானைக் குடிச்சிருக்கார், இல்லை சுவாசிச்சிருக்கார். விஷ முறிவு ஏற்பாடு பண்ணுங்க, பெரிய ஆஸ்பத்திரிக்கு வண்டி சொல்லுங்க. வண்டி வர நேரமாகும். அதுவரைக்கும் குளுக்கோஸ் மட்டும் போடுங்க."

"குடிச்சிருந்தா?" என்று கேட்டார் மூக்கர். குரல் அவருக்கே கேட்கவில்லை. மறுபடி கேட்டார்.

டாக்டர் திரும்பினார். "குடிச்சிருந்தா கதையே வேற. நாள் கணக்காக் குடிச்சுட்டு, சாப்பாடும் இல்லாம, குடியும் நின்னா, எரிக்கிறதுக்கு ஒண்ணும் இல்லாம உடம்பு தன் கொழுப்பையே எரிக்கும். அந்த வாசனைதான் இது. அதுக்கு மருந்து இங்கேயே இருக்கு. ஆனா முதல்ல ஒரு வைட்டமின் ஊசி போட்டாகணும். குடிகாரருக்கு அது போடாம குளுக்கோஸ் மட்டும் ஏத்தினா மூளை கெட்டுப்போகலாம். ஏன் கேக்கறீங்க?"

நர்ஸ் அதற்குள் குளுக்கோஸ் பாட்டிலைக் கம்பியில் மாட்டிக்கொண்டிருந்தாள்.

"குடிச்சாரு," என்றார் மூக்கர்.

அக்கா அவரைப் பார்த்தாள்.

"தினமும் குடிச்சாரு. ரம். ஞாயித்துக்கிழமையில பிராந்தி. நேத்து சாயங்காலம்தான் வாசனை இல்லை. நிறுத்திட்டார்னு நினைச்சேன்."

"அப்போ நீ தினமும் சுத்தம்னு சொன்னது?" என்று அக்கா கேட்டாள். கோபமாகக்கூட இல்லை. கணக்குப் புரியாதவள் கேட்கிற மாதிரி கேட்டாள்.

மூக்கர் பதில் சொல்வதற்குள் அத்தான் கையைத் தூக்கினார். மூச்சு வாங்க வாங்கப் பேசினார்.

"அவனை... ஒண்ணும் சொல்லாதே. அவனுக்கு மூக்கு... செத்துப்போச்சு. மூணு மாசமாச்சு. புட்டி புட்டியாக் குடிச்சுட்டு வந்து ஊதறேன், சுத்தம்னு சொல்றான். பாவம்... தெரிஞ்சா வேலை போயிடும். நான்தான் யார்கிட்டயும் சொல்லலை."

மூக்கருக்கு அந்தப் பரிவுப் பார்வையின் அர்த்தம் இப்போது விளங்கியது. இந்த மனிதர் இத்தனை நாளும் தனக்காக ஒரு ரகசியத்தைக் காப்பாற்றியிருக்கிறார். குடிகாரன் பேச்சு விடிஞ்சா போச்சு என்பார்கள். இவர் தொண்ணூறு விடியலுக்கு வாயைத் திறக்கவில்லை. அழுவதா சிரிப்பதா என்று தெரியாமல் மூக்கர் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

"மூக்கு செத்துப்போச்சா?" என்றார் முதலாளி. "அப்போ மூணு மாசமா நம்ம ஆரஞ்சு?"

அக்காவின் முகம் மாறிவிட்டது. "அய்யோ தம்பி," என்றாள். "ஏன்டா என்கிட்ட சொல்லலை? டாக்டர்கிட்ட காட்டியிருக்கலாமே." அவர் தோளில் கை வைத்தாள். மாவு சட்டையில் ஒட்டியது.

தப்பிக்க வழி திறந்து கிடந்தது. ஆமாம் என்று ஒரு தலையசைப்புப் போதும். வேலை போகும், அவ்வளவுதான். அக்கா மிஞ்சுவாள்.

"எனக்கு ஒண்ணு மட்டும் தெரியணும்," என்றார் டாக்டர் இருவருக்கும் நடுவே வந்து. "மூக்கு செத்தவர் ரம்மு, பிராந்தின்னு பிரிச்சுச் சொல்றார். சாகறவர் தொடலைன்னார், இப்போ புட்டி புட்டியாக் குடிச்சேன்னு சொல்றார். உங்களைக் காப்பாத்தச் சொல்றாரா, நிஜமாச் சொல்றாரா தெரியலை. நான் எதை வெச்சு மருந்து போடறது? உங்க மூக்கு வேலை செய்யுதா, இல்லையா?"

அத்தானுடைய கண் செருகிக்கொண்டு வந்தது. அவரிடம் இனிக் கேட்டுப் பயனில்லை.

மூக்கர் டாக்டர் பக்கம் பார்த்தே சொன்னார். அக்கா பக்கம் திரும்ப முடியவில்லை. "நல்லா வேலை செய்யுது. நீங்க காலையில காப்பி குடிச்சீங்க, பால் இல்லாம. கையில ரெண்டு வகை சோப்பு. இவர் குடிச்சதை நான் ஒரு நாள் விடாம மோந்தேன். தெரிஞ்சேதான் சுத்தம்னு சொன்னேன்."

தோளில் இருந்த கை எடுபட்டது.

"வைட்டமின்," என்றார் டாக்டர். நர்ஸ் ஓடினாள். மஞ்சள் மருந்து ஊசியில் ஏறியது, பிறகு உப்புத் தண்ணீர், பிறகு குளுக்கோஸ். வண்டி வேண்டாம் என்று போனில் சொல்லிவிட்டார்கள். விஷமில்லை என்றதும் முதலாளிக்கு உயிர் வந்தது. குடியாய் இருந்ததற்கு இவ்வளவு சந்தோஷப்பட்ட மனிதரை அந்த ஆஸ்பத்திரி பார்த்திருக்காது. எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்தார். ஜாடியைத் திறந்து பார்த்தார், ஒன்றுமே வரவில்லை. "நீ மோந்திருக்கியே, அது போதும், நாளைக்கு வந்து கலந்துடு," என்று மூக்கரிடம் சொன்னார். மூக்கர் அந்த வாசனையை இந்த ஜென்மத்தில் கலக்கமாட்டேன் என்றார். ஆமாம் ஆமாம் என்று முதலாளி அவர் முதுகைத் தட்டிக் கொடுத்துவிட்டுப் போனார்.

அக்காவை உள்ளே இருக்கவிடவில்லை. நடைபாதை பெஞ்சில் ஒரு கோடியில் உட்கார்ந்திருந்தாள். மூக்கர் மறு கோடியில். வெயில் ஜன்னலில் இருந்து தரைக்கு இறங்கி, தரையிலிருந்து எதிர்ச் சுவருக்கு ஏறியது. அவர் வாங்கி வைத்த டீ அவள் பக்கத்தில் ஆடை கட்டிப்போயிருந்தது.

"நீ சிரிச்சேக்கா," என்றார் அவர். "அதுக்காகத்தான்."

"அவர் பொய் சொல்வார்னு தெரிஞ்சுதானே உன்னைக் கூட்டிட்டு வந்தேன்," என்றாள் அக்கா.

சாயங்காலம் நர்ஸ் கதவைத் திறந்து மூக்கரைக் கையசைத்துக் கூப்பிட்டாள். அவர் உள்ளே போனார். அத்தான் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். மூச்சு எல்லோருக்கும் போலச் சத்தமில்லாமல் வந்து போனது. உதட்டில் ரொட்டித் துணுக்கு. "மச்சான், முதலாளி அந்தப் பதவியை நிஜமாத்தான் சொன்னாரா?" என்று கேட்டார். டாக்டர் வந்து, அமிலம் இறங்கிவிட்டது, ஆபத்து தாண்டிவிட்டது, ஆனால் இனிமேல் தொட்டால் என்னிடம் கொண்டுவராதீர்கள் என்றார்.

மூக்கர் கிட்டத்தட்ட ஓடியே வெளியே வந்தார்.

"பிழைச்சுட்டார்க்கா. ஆபத்து இல்லைன்னு டாக்டர் சொல்லிட்டாங்க. ரொட்டி சாப்பிடறார், பேசறார்."

அக்கா அவர் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு எழுந்து, புடவையைச் சரிசெய்துகொண்டு, டாக்டரைக் கேட்டுவர உள்ளே போனாள்.